உஷார்! ஜெபத்துக்குள் சின்னம் நுழைகிறது

போன தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தபோது எங்கள் தெருவில் புதன்கிழமை வீட்டு ஜெபம் நடந்தது. கீர்த்தனை பாடி, வேதபாடம் வாசித்து, ஜெபக் குறிப்புகளுக்கு வந்தோம். ஒரு பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும். ஒரு அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். குளம் வறண்டு கிடக்கிறது, மழை வேண்டும். கடைசியாகத் தேசத்துக்காக ஜெபிக்க எழுந்தவர் நல்ல மனிதர்; யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவர். அவர் ஒரு தேர்தல் சின்னத்தின் பெயரைச் சொல்லி, அதில் ஓட்டுப் போட நினைக்கிறவர்களின் கண்களைத் திறக்கும்படியும், சத்துருவின் கையில் அவர்கள் விழுந்துவிடாமல் தடுக்கும்படியும் ஆண்டவரிடம் மன்றாடினார். எல்லோரும் ஆமென் என்றோம். நானும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், ஏனென்றால் என் கருத்தும் அதுதான்.

அடுத்த புதன்கிழமை அண்ணாச்சி வரவில்லை. இருபது வருஷமாக எங்களுக்குக் கீர்த்தனை எடுத்துக் கொடுக்கிறவர். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தேர்தல் முடிந்து ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். "என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம்?" என்று கேட்டேன். கையிலிருந்த பையை மடிப்பதும் விரிப்பதுமாகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்தச் சின்னத்துல போடாதீங்கன்னு எங்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா சண்டை போட்டிருப்பேன். நீங்க ஆண்டவர்கிட்டல்லா சொல்லிட்டீங்க. அவர்கிட்ட போயி நான் எப்படிச் சண்டை போட?"

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கிறிஸ்தவ வாசகர்களே, உஷாராக இருங்கள். உங்களுக்கு ஒரு கட்சி பிடித்திருப்பதில் ஆபத்து இல்லை. அந்தக் கட்சியை ஆண்டவருக்கும் பிடித்திருக்கிறது என்று நீங்கள் நம்பத் தொடங்குகிற நாள் ஒன்று வரும். அது வந்ததே உங்களுக்குத் தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். 'விசுவாசிக்கு அரசியல் எதற்கு, ஜெபித்தால் போதும்' என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஞாயிறுதோறும் நாம் நின்றபடி சொல்கிற விசுவாசப் பிரமாணத்துக்குள்ளேயே ஒரு ரோம ஆளுநரின் பெயர் இருக்கிறது. பொந்தியு பிலாத்து அரசாங்க அதிகாரி. நம் ஆண்டவர் அரசாங்கத் தீர்ப்பில் செத்தார். இன்றைக்கும் நம் சபைகளில் பாதிப்பேரின் வாழ்க்கையை அரசாங்க ஆணைதான் தீர்மானிக்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமைகள் இந்துக்களுக்கு மட்டும் என்று ஆயிற்று. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே நிற்கிறார். இதைப் பற்றிப் பேசாத பிரசங்கம் எனக்குப் பாதிப் பிரசங்கம்தான். ஆகவே பேசுங்கள், கேளுங்கள், ஓட்டுப் போடுங்கள், கட்சியில் சேருவதானாலும் சேருங்கள். நான் கேட்பது வேறு. எது எதைத் திருத்துகிறது? உங்கள் விசுவாசம் உங்கள் கட்சிக் கருத்தைத் திருத்துகிறதா, கட்சிக் கருத்து விசுவாசத்தைத் திருத்துகிறதா?

பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது, அதுவும் சத்தமில்லாமல். கருத்து முதலில் வந்துவிடும். வசனத்தை அப்புறம் தேடுவோம். நமக்குப் பிடித்த ஆட்சி நடக்கும்போது ரோமர் 13ஆம் அதிகாரம் ஞாபகத்துக்கு வரும், அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதி. பிடிக்காத ஆட்சி வந்துவிட்டால் வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தைத் திறப்போம், கடலிலிருந்து எழும்பி வருகிற மிருகத்தைக் காட்டுவதற்கு. வேதாகமம் மாறவில்லை, ஆட்சிதான் மாறியது. பதினைந்து வருஷமாக நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிற வசனங்களை ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். எந்த வருஷத்தில் எதன் கீழ் கோடு விழுந்தது என்பதை வைத்து அன்றைக்கு யார் முதலமைச்சர், யார் பிரதமர் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இது எதுவரை போகும் என்று தெரிய வேண்டுமானால் ஜெர்மனியைப் பாருங்கள். அதை 'ஹிட்லர் காலம்' என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அங்கே இருந்தவர்கள் நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை தவறாதவர்கள். லூத்தர் பிறந்த நாடு அது. வேதாகமக் கல்வியில் உலகமே அவர்களிடம் பாடம் கேட்டது. நாஜிக் கட்சி 1920இல் வெளியிட்ட கொள்கைத் திட்டத்தின் 24ஆவது அம்சம், கட்சி 'நேர்மறைக் கிறிஸ்தவம்' என்பதன் பக்கம் நிற்பதாகச் சொன்னது. 1933 ஜனவரி 30ஆம் தேதி பதவிக்கு வந்த ஹிட்லர், இரண்டே நாளில் வானொலியில் பேசினார்; தேசத்தின் ஒழுக்கத்துக்கு அடித்தளம் கிறிஸ்தவம், அதைக் காப்பேன் என்றார். போரில் தோற்று, வேலையின்றி, கம்யூனிஸ்ட் புரட்சி வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த ஜனங்கள் அதைக் கேட்டார்கள். சபைக்கு நல்ல காலம் பிறந்தது என்று மகிழ்ந்தார்கள்.

'ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்' என்ற பெயரில் சபைக்குள்ளேயே ஓர் அணி எழுந்தது. இருதயத்தில் சிலுவை, மார்பில் ஸ்வஸ்திகா என்பது அவர்கள் பேச்சு. 1933 ஜூலை 23ஆம் தேதி புரொட்டஸ்டன்ட் சபைத் தேர்தல். முந்தின இரவு ஹிட்லரே வானொலியில் வந்து அந்த அணிக்கு ஆதரவு கேட்டார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு அவர்களுக்கு விழுந்தது. இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். எந்தச் சிப்பாயும் துப்பாக்கி முனையில் அந்தச் சபைகளைப் பிடுங்கவில்லை. சபை மக்கள், ஜெபித்துவிட்டு வந்து, தங்கள் கையாலேயே ஓட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். செப்டம்பரில் லுட்விக் முல்லர் என்பவர் பேராயர்களுக்கெல்லாம் மேலான பேராயர் ஆனார். நவம்பர் 13ஆம் தேதி பெர்லின் விளையாட்டரங்கில் இருபதாயிரம் பேர் கூடிய கூட்டத்தில், அந்த அணித் தலைவர் ஒருவர் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறிய வேண்டும் என்று பேசினார். அது யூதர்களின் புத்தகமாம். கைதட்டினார்கள்.

ஆறு வருஷம் கழித்து, 1939 மே மாதம், வார்ட்பர்க் கோட்டையில் ஒரு நிறுவனம் திறக்கப்பட்டது. ஜெர்மன் சபை வாழ்க்கையிலிருந்து யூதத் தாக்கத்தை ஆராய்ந்து ஒழிப்பதுதான் அதன் வேலை; பெயரிலேயே அது எழுதியிருந்தது. வார்ட்பர்க் என்றால் நம் போதகர்களுக்குத் தெரியும். லூத்தர் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்த கோட்டை அது. அதே இடத்தில் தொடங்கிய நிறுவனம் 1940இல் யூத அடையாளம் களைந்த ஒரு புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. அதன் பின்னால் எபிரேயச் சொற்களைப் பொறுக்கி நீக்கிய ஒரு பாட்டுப் புத்தகம் வந்தது. அல்லேலூயா எபிரேயச் சொல்தானே! தங்கள் அரசியலுக்காகக் கிறிஸ்தவர்களே அல்லேலூயாவைப் பாட்டிலிருந்து கிள்ளி எறிந்தார்கள். அதைச் செய்தவர்கள் இறையியல் பேராசிரியர்கள். முரடர்கள் அல்ல.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது அவர்கள் கதைகூட இல்லை. மார்ட்டின் நீமோலர் கதை.

நீமோலர் போதகரின் மகன். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி. பிறகு குருப்பட்டம் பெற்று, 1931 முதல் பெர்லினின் டாலெம் பகுதி ஆலயத்தில் போதகராக இருந்தார். தேசபக்தர். நாஜிக் கட்சிக்கு 1924இலும் ஓட்டுப் போட்டார், 1933இலும் போட்டார். ஹிட்லர் வந்தால் நாடு மனந்திரும்பும் என்று நம்பியவர். ஆனால் யூத வம்சத்தில் பிறந்தவர்களைப் போதகர் பணியிலிருந்து நீக்க வேண்டும் என்ற விதி சபைக்குள் வந்தபோது அவர் எழுந்தார். 1933 செப்டம்பரில் போதகர்களின் அவசரக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார்; ஆயிரக்கணக்கான போதகர்கள் சேர்ந்தார்கள். 1934 மே மாதம் பார்மன் நகரில், தேவனுடைய ஒரே வார்த்தையாகிய இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறு எதையும் சபை தன் பிரசங்கத்துக்கு ஆதாரமாக எடுக்காது என்று ஓர் அறிக்கை வெளியானது. அதைப் பெரும்பாலும் எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். 1937 ஜூலை 1ஆம் தேதி நீமோலர் கைதானார். வழக்கில் கிடைத்த தண்டனையை விசாரணைக் காலத்திலேயே கழித்துவிட்டிருந்தார். ஆனாலும் வெளியே விடவில்லை. ஸாக்சன்ஹவுசன், டாக்காவ் வதை முகாம்களில் 1945 வரை இருந்தார்.

இத்தனையும் கேட்டால் வீரன் என்றுதான் சொல்வோம். அவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. போர் முடிந்தபின் மனைவியை அழைத்துக்கொண்டு டாக்காவுக்குப் போனார், தான் அடைபட்டிருந்த இடத்தைக் காட்டுவதற்கு. அங்கே பிணம் எரித்த கட்டடத்தின் அருகே ஒரு பலகை இருந்தது: 1933 முதல் 1945 வரை இங்கே எரிக்கப்பட்டவர்கள் இத்தனை பேர் என்று. எண்ணிக்கையைப் பார்த்து மனைவி நடுங்கினார். நீமோலரை நடுங்க வைத்தது அந்த முதல் ஆண்டு. 1937 முதல் தான் எங்கே இருந்தோம் என்று ஆண்டவரிடம் சொல்லிவிடலாம். சிறையில் இருந்தேன் என்று. 1933 முதல் 1937 வரை எங்கே இருந்தாய் என்று கேட்டால்? அந்த நாலு வருஷமும் அவர் சுதந்திரமாக நடமாடிய போதகர். அவர் போராடியது சபைக்காக, சபைக்குள் இருந்த யூத வம்சத்தாருக்காக. அதிலும் அவர்கள் பெரிய பதவிகளைத் தவிர்த்துக்கொள்வது நல்லது என்று 1933இலேயே எழுதியவர் அவர். சபைக்கு வெளியே இருந்த யூதர், கம்யூனிஸ்ட், தொழிற்சங்கத்துக்காரன் எல்லாம் அவர் கண்ணில் படவில்லை. பார்மன் அறிக்கையின் ஆறு பகுதிகளிலும் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கார்ல் பார்த்தே பிற்காலத்தில் அதைத் தன் குற்றம் என்று ஒப்புக்கொண்டார்.

ஏன் படவில்லை? அவர் குருடர் இல்லை. தன் அரசியல் விருப்பத்தைத் தன் விசுவாசமாகவே நினைத்துக்கொண்டிருந்ததால், அந்த விருப்பம் எதைப் பார்க்க விட்டதோ அதை மட்டும் பார்த்தார். இவ்வளவு பெரிய மனிதருக்கே இந்த நிலை என்றால், புதன்கிழமை ஆமென் சொன்ன நான் எம்மாத்திரம்?

'நாம் என்ன ஜெர்மனியா, இங்கே யார் ஹிட்லர்' என்று கேட்பீர்கள். சரி, சின்னதாகத் தொடங்கிய ஒன்றைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 1857இல் டச்சு சீர்திருத்த சபையின் மாமன்றம் கூடியது. கறுப்பின விசுவாசிகளோடு ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கச் சில வெள்ளையருக்குச் சங்கடமாக இருந்தது. மாமன்றம் சொன்ன தீர்ப்பை ஊன்றிக் கேளுங்கள். எல்லோரும் ஒன்றாக ஆராதிப்பதுதான் வேதத்தின்படி சரி, ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியாகவும் கூடலாம் என்று விட்டுக்கொடுத்தது. பலவீனம் என்றே எழுதினார்கள்! அதைச் சட்டமாக்க வேண்டும் என்றோ வேதம் அப்படித்தான் சொல்கிறது என்றோ அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. 1881இல் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபையே வந்துவிட்டது. 1948இல் நிறவெறி அரசின் கொள்கை ஆனது. அதற்கு வேத ஆதாரம் எழுதிக் கொடுக்கச் சபை இறையியலாளர்கள் தயாராக இருந்தார்கள். தொண்ணூறு வருஷத்தில் பலவீனம் தேவசித்தமாகிவிட்டது. பையர்ஸ் நோடே என்ற போதகர் 1963இல் அதை மறுத்துப் பதவியைத் துறந்தார். பிறகு பல வருஷம் அரசாங்கத் தடையாணையில் கிடந்தார். 1982இல் ஒட்டாவாவில் உலகச் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறியை வேதத்தைக் கொண்டு நியாயப்படுத்துவது துர்உபதேசம் என்று அறிவித்தது. வெள்ளையர் சபையின் பேராசிரியர் வில்லி யோங்கர் 1990இல் ரஸ்டன்பர்க் மாநாட்டில் எழுந்து பாவ அறிக்கை செய்தார். கறுப்பினப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதை ஏற்றுக்கொண்டார். நூற்றுமுப்பத்து மூன்று வருஷம் ஆயிற்று.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே வடக்கன்குளம் இருக்கிறது. இரண்டு சாதியார் தனித்தனியே உட்கார, ஒரே பீடத்தைப் பார்த்து இரண்டு நீண்ட கூடங்கள் பிரிந்து போகிற மாதிரிக் கோவில் கட்டினார்கள், இடையில் சுவர். 1910இல் சுவர் இடிக்கப்பட்டபோது உரிமை போயிற்று என்று நீதிமன்றம் வரை போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. சாதி அரசியல் இல்லையா என்ன? சுவரைக் கட்டியவர்களும் ஜெபித்துவிட்டுத்தான் கட்டியிருப்பார்கள்.

இப்போது பயத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்தியாவில் கிறிஸ்தவர் கட்சி பார்த்துச் சாய்வதற்குப் பாதிக் காரணம் பயம், அது பொய்ப் பயமும் இல்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் வண்டியோடு எரித்தார்கள். 2008இல் கந்தமாலில் வீடுகளும் ஆலயங்களும் எரிந்தன. பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பயந்தவன் காப்பாற்றுகிறவரைத் தேடுவான். காப்பாற்றுகிறவருக்கு நாம் வைத்திருக்கிற சொல் இரட்சகர். அந்தச் சொல்லைத்தான் கட்சிக்குக் கொடுத்துவிடுகிறோம், அறியாமலே. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது நம் சபைகள் ஒரு ஆட்சியை எகிப்தின் பார்வோனாகப் பார்த்தன. 2004இல் அந்தச் சட்டத்தை எடுத்ததும் அதே ஆட்சிதான். பார்வோனும் மோசேயும் ஒரே ஆளாக இருக்க முடியுமா? ஓட்டுக் கணக்கில் வந்தது, ஓட்டுக் கணக்கில் போயிற்று. உரிமைக்காகப் போராடியது சரி. அதற்குள் யாத்திராகமத்தை எழுதியதுதான் தப்பு.

பயத்தின் இன்னொரு பிள்ளை தீர்க்கதரிசனம். தேர்தல் நெருங்கியதும் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடும். இன்னார் ஜெயிப்பார் என்று ஆண்டவர் தரிசனத்தில் காட்டினார், பத்துப் பேருக்கு அனுப்புங்கள். அனுப்பாதீர்கள். முதலாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஆகாப் ராஜா ராமோத் கீலேயாத்தின்மேல் படையெடுக்க ஆசைப்படுகிறான். ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் போ, ஜெயிப்பாய் என்கிறார்கள். ஒருவன் இரும்புக் கொம்புகளே செய்துகொண்டு வந்து காட்டுகிறான். மிகாயா ஒருவன்தான் மாறிச் சொல்கிறான். அவனை அழைக்கப்போன ஆள்கூட வழியிலேயே, எல்லோரும் சொல்கிறதையே நீயும் சொல்லிவிடு என்று புத்தி சொல்கிறான். மிகாயாவுக்குக் கிடைத்தது கன்னத்தில் அடியும் சிறையும். ராஜா போருக்குப் போய்ச் செத்தான். நானூறு பேரும் ஆண்டவரின் பெயரில்தான் பேசினார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆகாபுக்கு மிகாயாவை ஏன் பிடிக்காது என்பதை அவனே சொல்லியிருக்கிறான்: தனக்குச் சாதகமாக அவன் ஒருபோதும் பேசுவதில்லையாம். உங்கள் கட்சிக்கு எதிராக ஒருபோதும் பேசாத பிரசங்கியாரைத் தேடித்தேடிக் கேட்கிறீர்களே, ஆகாபின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டமும் இருக்கிறது, கவனம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123: மதத்தின் பெயரால் வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு மற்றவரோ ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை. வாக்காளரின் மதத்தைக் காட்டிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017 ஜனவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: இப்படி ஓட்டுப் போட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பதை அதே பிரிவு, சுதந்திரமாக ஓட்டுப் போடும் உரிமையில் தலையிடுவதாகவே கருதுகிறது. எங்கள் புதன்கிழமை ஜெபத்தை நினைத்துப் பார்த்தேன். அதன் பக்கத்தில்தான் நின்றிருக்கிறோம். 1988இல் வந்த மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டம், வழிபாட்டு இடத்தைக் கட்சி அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

சட்டத்துக்குப் பயந்து செய்வது கடைசிக் காரணமாக இருக்கட்டும். வேட்பாளர் ஆலயத்துக்கு வருவார், வரட்டும். சால்வை எதற்கு? முழங்கால்படியிட்ட வேட்பாளரின் தலையில் போதகர் கை வைத்த படம் அன்று சாயந்திரத்துக்குள் தொகுதி முழுக்கப் போய்விடுகிறது. அடுத்த வாரம் எதிர் வேட்பாளர் வந்தால் அவருக்கும் அதே ஜெபம் செய்ய முடிகிற போதகர் மட்டும் ஜெபிக்கட்டும்: ஏழைக்கு நியாயம் செய்கிறவனாக இவனை வையும் என்று. அதுவும் போட்டோ இல்லாமல். இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் திருமண்டலத் தேர்தல்களிலேயே அணியும் சாதிக் கணக்கும் பணமும் புகுந்துவிட்ட பிறகு, நாட்டுத் தேர்தலில் எது நீதி என்று சபை சொல்ல வந்தால் ஊர் கேட்குமா?

நமக்கு வேலை வீட்டிலேயே இருக்கிறது. நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். கடந்த ஐந்து வருஷத்தில் என் விசுவாசத்தின் காரணமாக என் கட்சியோடு எந்தெந்த விஷயத்தில் மாறுபட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். வேறு காரணத்துக்காக அல்ல, சுவிசேஷத்தின் காரணமாக. அரைமணி நேரம் ஆயிற்று. தாள் வெறுமையாக இருந்தது. என் கட்சி எல்லாவற்றிலும் சரியாக இருக்க வாய்ப்பில்லை. அப்படியென்றால் எங்கேயோ நான் என் ஆண்டவரின் வாயை மூடியிருக்கிறேன். பிறகு மெதுவாக ஞாபகம் வந்தது. சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளையை வெட்டிக் கொன்றபோது என் கட்சி மென்று விழுங்கியது. நானும் மென்று விழுங்கினேன். அதை எழுதினேன். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் மரணச் செய்திக்கு அடியில் நான் போட்ட சிரிப்புப் படம் ஞாபகம் வந்தது. அதையும் எழுதினேன். இரண்டாவதை எழுதும்போது கை நடுங்கியது.

இந்தத் தாளை நீங்களும் எடுங்கள், இன்றைக்கே. தேர்தல் தேதி அறிவித்த பிறகு எடுத்தால் கை ஓடாது. அப்போது எல்லாமே அவசரமாகத் தெரியும். இந்த ஒரு தடவை மட்டும், இது வாழ்வா சாவா, அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். 1933இலும் அப்படித்தான் தோன்றியது.

இன்னும் சில இடங்களில் காதைத் தீட்டி வைத்திருங்கள். 'நாம்' என்ற சொல் உங்கள் வாயில் வரும்போது அது சபையா, கட்சியா என்று கேளுங்கள். வேறு கட்சிக்காரரான விசுவாசிக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டால் பார்க்கப் போகக் கால் தயங்குகிறதா என்று பாருங்கள். திருவிருந்தில் உங்கள் பக்கத்தில் முழங்கால்படியிடுகிறவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்ற நினைப்பு அந்த நேரத்தில் வந்தால், அப்படியே எழுந்து அவரிடம் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், அப்பம் காத்திருக்கும். பிள்ளைகளிடம் ஓய்வுநாள் பாடசாலைக் கதை சொல்லும்போது கோலியாத்துக்கு எந்தத் தலைவரின் முகத்தைக் கொடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். எங்கள் வீட்டில் சின்னவன் என்னிடம் கேட்டான், அந்தக் கட்சிக்காரங்க எல்லாம் நரகத்துக்குப் போவாங்களாப்பா என்று. நான் அவனிடம் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த 'எங்கிருந்தோ' எங்கள் சாப்பாட்டு மேஜைதான்.

யோசுவாவின் புத்தகத்தில் ஒரு காட்சி உண்டு. எரிகோவுக்கு வெளியே யோசுவா நிற்கிறான். எதிரே உருவின பட்டயத்தோடு ஒருவர். நீர் எங்கள் பக்கமா, எங்கள் எதிரிகள் பக்கமா என்று யோசுவா கேட்கிறான். நியாயமான கேள்வி, நாளைக்குச் சண்டை. வந்தவர் இரண்டு பக்கத்தையும் சொல்லவில்லை. அல்ல என்றார், தான் கர்த்தருடைய சேனையின் அதிபதி என்றார். யோசுவாவுக்கு இத்தனைக்கும் தேவனே வாக்குக் கொடுத்திருந்தார், இந்த நிலம் உனக்கு என்று. அவனுக்கே அந்தப் பதில்தான் கிடைத்தது. அவன் முகங்குப்புற விழுந்து, அடியேனுக்கு என்ன கட்டளை என்று கேட்டான். கேள்வியை மாற்றிக்கொண்டான்.

அடுத்த தேர்தல் பேச்சு இப்போதே டீக்கடையில் தொடங்கிவிட்டது. இந்தப் புதன்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில். ஜெபக் குறிப்புத் தாளை நான்தான் எழுத வேண்டும். தேசத்துக்காக என்று எழுதி, அதன் கீழே நான் ஓட்டுப் போடாத கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் பெயரையும் எழுதியிருக்கிறேன், அவருக்கு நல்ல புத்தியும் நல்ல சுகமும் கிடைக்க. அந்த ஜெபத்தை நானே ஏறெடுப்பதாக இருக்கிறேன். அதற்கு முன்னால் நாளைச் சாயந்திரம் அண்ணாச்சி வீட்டுக்குப் போக வேண்டும். அன்றைக்குச் சத்தமாக ஆமென் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை அவரிடம் சொல்ல வேண்டும். புதன்கிழமைக்குக் கீர்த்தனை எடுத்துக் கொடுக்க வருவீர்களா என்று கேட்க வேண்டும்.